‘மற்றும் பலர்’ என்றால் ஆகாது

“பேனாவைக் குடுங்க. உள்பாக்கெட்ல இருக்கறதையும்.”

கதவருகே கையை நீட்டிக்கொண்டுதான் நிற்பார். ஆவணக் காப்பகத்துக்குள் மை வரக் கூடாது என்பது எங்கும் உள்ள விதிதான். பல்கலைக்கழகக் காப்பகத்தின் இந்தப் பொறுப்பாளர் அதை எல்லைக்காவல் மாதிரி நடத்துகிறார். பறித்த பேனா ஒரு செருப்புப் பெட்டிக்குள் போகும். பதிலுக்குக் கட்டைவிரல் நீளத்தில் ஒரு பென்சில் கிடைக்கும். துணைவேந்தருக்கும் அதே மரியாதைதான். வளாகத்தில் இவருக்குப் பெயர் பென்சில் அக்கா. “பென்சில்ல பொய் எழுதினா நான் அழிச்சிடுவேன். பேனால எழுதினா எவன் அழிக்கிறது?” என்பார்.

வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். கொண்டையில் ஒரு பென்சில், காதில் ஒரு பென்சில், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். பழைய படங்களின் தூசியால் தும்மல் ஓயாது. படத்துக்கு நேராக மட்டும் தும்ம மாட்டார். பக்கத்தில் நிற்பவர் மீது தும்முவார்.

அவருடைய ஜென்ம விரோதி ‘மற்றும் பலர்’. பழைய படங்களின் அடியில் துணைவேந்தர், சிறப்பு விருந்தினர் எல்லோருக்கும் பட்டத்தோடு பெயர் இருக்கும். தோட்டக்காரர், சமையல்காரர் முறை வந்ததும் ‘மற்றும் பலர்’ என்று முடிந்துவிடும். “யாருங்க இந்தப் பலர்? எல்லாப் படத்துலயும் வந்து நிக்கறாரு. அவருக்கு அப்பா அம்மா பேர் வைக்கலையா?”

அதற்காகவே சனிக்கிழமைகளில் ஓய்வுபெற்ற ஊழியர்களைக் கூப்பிட்டு, படத்தைச் சுவரில் பெரிதாகக் காட்டி, தேநீரும் கொடுத்து, சிண்டு முடிந்துவிடுவார். சண்டையில்தான் பெயர்கள் வெளியே வரும். “காதைப் பாருய்யா, அது பிளம்பர் காது!” இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் படத்தின் பின்னே பென்சிலால் எழுதி, இணையதளத்திலும் ஏற்றிவிடுவார். எங்கோ ஒரு பேத்தி அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே போன் செய்வாள். அவளிடமும் அக்கா கேட்பது, “வீட்ல வேற படம் இருக்காம்மா?”

போன மாதம் வம்பு வந்தது. பணி நிரந்தரம் கேட்டு ஊழியர்கள் உண்ணாவிரதம் இருந்த பழைய படம். எல்லோரும் வாடிக் கிடக்க, பின்வரிசையில் ஒருவருக்கு மட்டும் கன்னம் உப்பியிருக்கிறது. மனிதர் மென்றுகொண்டிருக்கிறார்! இப்போதைய பதிவாளரின் அப்பா என்று சனிக்கிழமைக் கூட்டம் ஒரே குரலில் சொல்லிவிட்டது. ‘உண்ட விரதம்’ என்று பட்டமும் கொடுத்துவிட்டது.

சேதி போனதும் பதிவாளர் அக்காவிடம், “மற்றும் பலர்னு போட்டுடுங்க” என்று போனில் சொன்னார். படத்தில் இருப்பவர்கள் கேட்ட நிரந்தரம் அக்காவுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஒப்பந்த வேலை, அந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே பதிவாளர். ஆய்வுக்காக அங்கே உட்கார்ந்திருந்த நான் பென்சிலைக் கீழே வைத்தேன். “வேலை போச்சுன்னா என்னக்கா பண்ணுவீங்க?” என்றேன்.

“என்ன பண்றது, நானும் பலர்தான்” என்றார். அன்று முழுக்கத் தும்மக்கூட இல்லை.

மறுநாள் பதிவாளரே கையெழுத்துப் போடாத நீட்டிப்பு உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். வாசலிலேயே பேனா பறிபோனது. அக்கா படத்தை மேசையில் வைத்துப் பென்சிலை நீட்டினார்.

“நான் எழுத மாட்டேன் சார். பலர்தான்னா நீங்களே எழுதிடுங்க.” பிறகு பூதக்கண்ணாடியை அவர் பக்கம் தள்ளினார். “உங்கப்பா தோள்ல ஒரு குட்டிக் கை இருக்கு, பாருங்க. ஆள் முன்னாடி இருக்கறவர் தலைக்குப் பின்னால மறைஞ்சிட்டான். யாருன்னு ஒருத்தருக்கும் தெரியல.”

பதிவாளர் குனிந்தவர் நிமிரவே இல்லை.

“நான்தான்” என்றார் கடைசியில். “அது என் பிஸ்கட். எனக்குன்னு வாங்கிட்டு வந்து, பாதியை அவரே வாயில போட்டுக்கிட்டார். நான் அழுது ஊரைக் கூட்டினேன்.” சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, கண்ணும் கலங்கிவிட்டது. படத்தைத் திருப்பி அப்பா பெயரை எழுதி, அதன் அடியில் தன் பெயரையும் எழுதினார்.

அதே சூட்டில் உத்தரவை மேசைமேல் விரித்தார். “என் பேனாவைக் குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன்.”

அக்கா செருப்புப் பெட்டியிலிருந்து பேனாவை எடுத்தார். அவரைத் தாண்டி நடந்து, கதவைத் திறந்து, வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டுதான் அதை நீட்டினார்.