மோட்டாரை ஆட்டோவில் போட்டது யார்?

மணலூர்பேட்டை பக்கம், கரும்புக் கொல்லையிலேயே எங்கள் வீடு. என் பழைய கேம் கன்சோலின் பேட்டரி உப்பிவிட்டது. புதியது வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. வீடியோ பார்த்துப் பழையதைக் கழற்றிவிட்டு, சார்ஜர் ஒயரை மட்டும் நம்பி, கன்சோலை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்ற உட்கார்ந்தேன். ஏறி முடியும்வரை கரண்ட் தடைபடக் கூடாது என்று வீடியோவில் மூன்று முறை சொன்னார்கள்.

பாதிக்கு மேல் ஏறியிருக்கும். விளக்கு மங்கியது, திரை கறுத்தது. அத்தோடு கன்சோலுக்கு உயிரே வரவில்லை. வெளியே, இருந்த கரண்டையெல்லாம் இழுத்துக்கொண்டு கிணற்று மோட்டார் ஓடும் சத்தம்.

"ஏங்க, மோட்டார போட்டா சொல்லிட்டுப் போட மாட்டீங்களா?" என்று கணவரிடம் கத்தினேன்.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர், "என்னை இன்னாத்துக்குக் கத்தற? த்ரீ பேஸ் கரண்ட் வந்தா மோட்டார் தானா ஓடட்டும்னு காலையில நீதான ஆட்டோல போட்ட?" என்றார்.

உண்மைதான். கன்சோல் வேலைக்கு நடுவில் எழுந்து போக வேண்டாமே என்று நான்தான் போட்டேன்!

இப்போதெல்லாம் பேட்டரியை மாட்டி, முழுதாகச் சார்ஜ் ஏற்றாமல் ஃபர்ம்வேரைத் தொடுவதில்லை. ஆனால் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாலே, "ஆட்டோவ எடுத்துட்டியா?" என்று வாசலிலிருந்து குரல் வருகிறது. பற்றிக்கொண்டு வருகிறது. எழுந்து போய் மோட்டார் சுவிட்சை ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டுத்தான் வருகிறேன்.