ஒரு காது போதும்

இது நடந்தது. நடந்த கட்டடம் இன்றும் பாளையங்கோட்டையில் இருக்கிறது. கீழே உரக்கடை. மேலே பூட்டிக் கிடக்கும் மாடி. நள்ளிரவில் நடந்ததும் அல்ல. 1999, சித்திரை மாதம், பட்டப்பகல்.

இதை அனுபவித்த ஸ்ரீகுமாருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதாவது நம்புகிறாயா என்று கேட்டால், "பேய்க்குக் கால் கிடையாதும்பாங்க. எவன் குனிஞ்சு பாத்தான்?" என்பான். அதற்குமேல் பேச மாட்டான்.

அந்த வருஷம் திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் கம்பெனி என்று பெயர்ப்பலகை மாட்டியவர்கள் ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருவனிடம் நல்ல மோடம் இருக்கும், இன்னொருவனிடம் யூ.பி.எஸ். இருக்கும். மாறி மாறி இரவல் வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலமானால் முருகன்குறிச்சி டீக்கடையில் நின்று அமெரிக்காவைப் பற்றிப் பேசுவார்கள். அவர்களில் ஒருவரும் அமெரிக்காவைப் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டத்தில் சிவசண்முகமும் ஒருவர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த கடைசி வயலை விற்று, பத்து கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டவர். அமெரிக்காவில் உள்ள டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு இங்கே டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். டீக்கடையில் அதற்குக் காது கம்பெனி என்று பெயர்.

ஸ்ரீகுமார் சென்னையில் இதே வேலையில் இரண்டு வருஷம் இருந்தான். கல்லூரியில் அவனுக்கு மூத்தவரான சிவசண்முகம் நேரிலேயே வந்து கூப்பிட்டார்.

"ஏலே குமாரு, எத்தனை நாளைக்கு எவன் கம்பெனிக்கோ காதைக் குடுப்ப? ஊருக்கு வா. பைலட் பாஸாச்சுன்னா நாலுல ஒரு பங்கு உனக்கு."

பைலட் என்பது பரீட்சை. அமெரிக்கக் கம்பெனி அறுபது கேசட் அனுப்பும். நூறு வார்த்தைக்கு இரண்டு தப்புக்குமேல் இருக்கக் கூடாது. தேறினால் ஒப்பந்தம். தேறாவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஸ்ரீகுமார் தன் மேலதிகாரியிடம் நாலு வார்த்தை அதிகமாகவே பேசிவிட்டு வேலையை உதறினான். அங்கே திரும்பிப் போக வழியில்லை. வீட்டில் அவன் அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்து, "நல்ல வேலைய விட்டுட்டு வந்திருக்காராம், முதலாளி" என்றார். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை.

மாடி அறையில் ஏசி உண்டு. ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. தூசி வரும் என்று செருப்பை வெளியே விட வேண்டும். கேசட் ஏதும் வெளியே போய்விடக் கூடாது என்று பையையும் வெளியே அலமாரியில் வைக்க வேண்டும். ஒன்பது பேர், ஒன்பது கம்ப்யூட்டர். மேஜைக்கு அடியில் ஆளுக்கொரு பெடல். வெறுங்காலால் மிதித்தால் கேசட் ஓடும். எடுத்தால் நின்று, இரண்டு விநாடி பின்னால் போகும்.

பத்தாவது கம்ப்யூட்டர் நாலாம் நம்பர் மேஜையில், மஞ்சள் துணி போர்த்திக் கிடந்தது.

"போர்டு போயிட்டுலே" என்றார் சிவசண்முகம்.

முதல் நாளே ஸ்ரீகுமார் ஒன்றைக் கவனித்தான். ஒன்பது பேரும் ஹெட்போனை ஒரு காதில்தான் வைத்திருந்தார்கள். வலது காது திறந்தே இருந்தது. எல்லோருக்கும் வலது காது.

"இது என்ன பழக்கம்? ரெண்டு காதுலயும் வைங்க. பாதித் தப்பு இதனாலதான் வருது."

யாரும் ஹெட்போனை நகர்த்தவில்லை. மூன்றாம் நம்பர் மேஜைக்காரி பிரம்மநாயகி மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"ஒரு காது போதும் சார்."

அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தினமும் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அங்கே இருந்தவர்களில் அவள் டைப்தான் சுத்தம். அவளே இப்படிச் சொன்னால் மற்றவர்கள் எப்படிக் கேட்பார்கள்? ஸ்ரீகுமாருக்குக் கோபம் வந்தது. காதை மூடாதவர்கள் பைலட்டில் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மூடினார்கள். அவன் முதுகைத் திருப்பினால் திறந்தார்கள். அதனால் அவன் திரும்பவே இல்லை. அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, காது காதாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரே வாரத்தில் தப்புகள் பாதியாகக் குறைந்தன.

ஒரு சாயங்காலம் டீக்கடையில் பெருமையாகச் சொன்னான். டைப் சென்டர் நடத்தும் பாக்கியசீலன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரெண்டு காதையுமா மூடச் சொன்னீரு?"

"ஆமா. ஏன்?"

"நாலாம் நம்பர்ல ஆள் போட்டாச்சாவே?"

"மெஷின் ரிப்பேர்லா."

"ரிப்பேரா..." என்று மட்டும் சொன்னார் பாக்கியசீலன். மற்றவர்கள் ரோட்டைப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் மோடம் பற்றிப் பேச ஆரம்பித்தான்.

இன்னொன்றும் இருந்தது. வாசல் அலமாரியின் கீழ்த்தட்டில் நீல வார் வைத்த செருப்பு ஒரு ஜோடி. காலையில் முதல் ஆளாக அவன் வந்து கதவைத் திறக்கும்போதும் இருக்கும். எல்லோரும் போன பிறகும் இருக்கும்.

பைலட்டின் கடைசி நாள். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும். சிவசண்முகம் மோடம் வாங்க ஜங்ஷனுக்குப் போயிருந்தார். ஒன்றரை மணி வாக்கில் கரண்ட் போய் வந்தது. வந்த வேகத்தில் ஆறாம் நம்பர் மெஷின் இறந்துபோனது. ஒரு கேசட் பாக்கி. மற்ற எட்டு மெஷினிலும் வேலை ஓடிக்கொண்டிருந்தது; அதை அடிக்க மெஷின் இல்லை.

ஸ்ரீகுமார் மஞ்சள் துணியை உருவினான். சுவிட்சைப் போட்டான்.

திரை பளிச்சென்று வந்தது. ஒரு கோளாறும் இல்லை.

அறையில் எட்டு கீபோர்டுகளின் சத்தமும் ஒரே சமயத்தில் நின்றது.

"சார், அங்கன உக்காராதிய" என்றாள் பிரம்மநாயகி.

"ஏன்?"

அவள் திரையைப் பார்த்தாள். "ஏசிக் காத்து நேரா அடிக்கும்."

"அடிச்சா அடிக்கட்டும். வேலையப் பாருங்க. காதை மூடுங்க, எல்லாரும்."

உட்கார்ந்தான். மணி 1.50.

கேசட்டில் ஒரு கிழட்டு டாக்டரின் குரல். நுரையீரல் கெட்டுப்போன யாரோ ஒருவரைப் பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனது. அவருக்கு மூச்சு எப்படி வாங்குகிறது, எத்தனை படி ஏறினால் வாங்குகிறது என்றெல்லாம். ஸ்ரீகுமார் வேகமாக அடித்தான். தப்பில்லாமல் அடித்தான்.

அப்போதுதான் அது கேட்டது.

டொக்... டொக்... டொக்...

டாக்டர் பேசிக்கொண்டே மேஜையைத் தட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தான். பெடலிலிருந்து காலை எடுத்துப் பின்னால் விட்டுக் கேட்டான்.

குரல் இருந்தது. தட்டல் இல்லை.

மேலே ஓடவிட்டான்.

டொக்... டொக்...

ஹெட்போனைக் கழற்றினான். அறையில் கீபோர்டு சத்தமும் ஏசி இரைச்சலும்தான். எல்லோரும் குனிந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி மாட்டினான்.

டொக். டொக். டொக்.

இப்போது வேகமாக.

பெடலிலிருந்து காலை எடுத்தான். டாக்டரின் குரல் நின்றது.

தட்டல் நிற்கவில்லை.

மேஜையில் ஊன்றியிருந்த மணிக்கட்டு வழியாக அது ஏறியது. பலகைக்குள்ளிருந்து வருவது போல. யாரோ விரல் முட்டியால், மிக அருகில்... பொறுமையிழந்து...

மணி 2.05. இன்னும் பத்து நிமிஷத்துக் கேசட் பாக்கி. ஏசி அதிர்வாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அப்பாவின் முதுகு நினைவுக்கு வந்தது. நாலில் ஒரு பங்கு நினைவுக்கு வந்தது.

வால்யூமைக் கூட்டி வைத்தான்.

டாக்டரின் குரல் இரைந்தது. அதற்கு அடியில் தட்டல் கொஞ்ச நேரம் கிடந்து அடித்துக்கொண்டது. பிறகு இடைவெளி விழுந்தது.

டொக்.......... டொக்...

இன்னும் நீண்ட இடைவெளி.

டொக்.

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

ஸ்ரீகுமார் மூச்சை விட்டான். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். கடைசிப் பாராதான் பாக்கி. கையைக் கீபோர்டில் வைத்தான். காலைப் பெடலுக்கு நீட்டினான்.

அதற்கு முன்பே டாக்டரின் குரல் ஓட ஆரம்பித்தது.

அவன் இன்னும் மிதிக்கவில்லை.

கால் கீழே இறங்கியது.

பெடலின் பிளாஸ்டிக் படவில்லை.

மெத்தென்று... குளிர்ந்து...

ஒரு கால்.

அவன் உள்ளங்காலுக்கு அடியில் ஐந்து விரல்களும் தனித்தனியாகத் தெரிந்தன.

அவை மடங்கின.

நாற்காலி பின்னால் விழுந்தது. ஹெட்போன் கம்பி அறுந்தது. அவன் கத்தினானா என்று அவனுக்கே தெரியாது. சுவரோடு ஒட்டி நின்று பார்த்தான். மேஜைக்கு அடியில் பெடல் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

எல்லோரும் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

பிரம்மநாயகிதான் கேட்டாள், மிக மெதுவாக.

"மிதிச்சிட்டியளா சார்?"

மிச்சமிருந்த பாராவை அவளே தன் மெஷினில் அடித்து முடித்தாள். ஒற்றைக் காதில் கேட்டு.

நாலு மணிக்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது. மாடிப்படியில் உட்கார்ந்திருந்த ஸ்ரீகுமாரின் பக்கத்தில் வந்து சிவசண்முகம் உட்கார்ந்தார்.

"வேணின்னு ஒரு பிள்ள" என்றார் அவராகவே. "ஏரல்காரி. இளைப்பு உண்டு. ஏசிய பைய வைங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. மெஷினுக்குக் குளிர்ச்சி வேணும்லா. தை மாசம், ஒரு பகல்ல... மூச்சு முட்டிட்டு. உறிஞ்சுத மருந்து வெளிய பையில இருந்திருக்கு. எந்திரிக்க முடியல போல. குரலும் வரல."

"எல்லாரும் எங்க இருந்தாங்க?"

"உள்ளதாம்லே இருந்தாங்க. ஒம்பது பேரும். ரெண்டு காதையும் மூடிக்கிட்டு."

ஸ்ரீகுமார் கீழ்த்தட்டைப் பார்த்தான். நீல வார்ச் செருப்பு.

"மதியச் சாப்பாட்டுக்கு எந்திரிச்சப்பதான் பாத்திருக்காங்க. வலது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு கெடந்துச்சு. மேஜையில தட்டித் தட்டி... அன்னையில இருந்து ஒரு பய ரெண்டு காதையும் மூட மாட்டேங்கான். நான் என்ன செய்ய?"

"ஏன் அண்ணாச்சி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்பியாலே?"

பைலட் தேறிவிட்டது. ஒப்பந்தம் வந்தது. பங்கும் வந்தது. அப்பா காலண்டரை விட்டு அவனைப் பார்த்துப் பேசினார். டீக்கடையில் சிவசண்முகம் எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார். வேலை பெருகியதால் நாலாம் நம்பருக்கும் புது ஆள் வந்தது. சுவரில் ஒரு பலகை தொங்கியது. வேலை நேரத்தில் இரு காதுகளும் மூடியிருக்க வேண்டும். உத்தரவு: ஸ்ரீகுமார், பங்குதாரர்.

அவன் எழுதச் சொன்னதல்ல. அவன் கழற்றவும் இல்லை.

பலகை மாட்டிய அன்று பிரம்மநாயகி வேலையை விட்டாள். மத்தியானம் பாளை பஸ் நிலையத்தில் ஸ்ரீவைகுண்டம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அவன் தேடிப் போய்ப் பக்கத்தில் நின்றான். நாலாம் நம்பர் மேஜையில் தனக்கு என்னவெல்லாம் கேட்டது என்று அவன் யாரிடமும் சொன்னதில்லை. கால் தட்டுப்பட்டதுதான் எல்லோருக்கும் தெரியும்.

"மூணாம் நம்பர் எப்பவுமே உன் மேஜைதானா?" என்று கேட்டான்.

"ஆமா சார். அவ பக்கத்துல. ரெண்டும் ஒரே பலகைலா."

பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை.

"எனக்குக் கேட்டுச்சு சார்."

அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"டேப்புல உள்ள சத்தம்னு நெனச்சேன். பின்னால விட்டுக் கேட்டேன். அதுல இல்ல. சரி, ஏசியா இருக்கும்னு வால்யூமைக் கூட்டி வச்சிக்கிட்டேன். திரும்பிப் பாக்கல. அன்னைக்குள்ள முடிக்கணும்லா."

கண்டக்டர் விசில் ஊதினார். அவள் படியில் கால் வைத்துத் திரும்பினாள்.

"கொஞ்ச நேரத்துல சத்தம் நின்னுட்டு. அப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சார்?"

ஸ்ரீகுமாருக்குத் தெரியும்.

"அப்பாடான்னு இருந்துச்சு."