மஞ்சள் ஏப்ரன்

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பரீட்சை எழுதும்போதுகூட வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட காலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குக் கொண்டுபோய்த் தையல் மிஷினில் வைத்தால் கேட்கவா வேண்டும்?

காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் கம்பெனி. படிக்கிற பெண்களுக்கு மஞ்சள் ஏப்ரன், மற்றவர்களுக்கு நீலம். மஞ்சளுக்கு மணிக்கூலி கம்மி. "படிக்கிற புள்ளைங்க, கத்துக்கத்தானே வர்றீங்க" என்று சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்து மிஷினில் ஒரு அக்கா. நீல ஏப்ரன், பதினாறு வருஷமாக ஷூவின் மேல்பாகம் தைக்கிறவர். லைனின் முனையில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். யார் எத்தனை ஜோடி முடித்தோம் என்று மணிக்கு ஒரு முறை சூப்பர்வைசர் அதில் எழுதுவார். முதல் வாரம் என் எண் அங்கே அசிங்கமாக நிற்கும். அக்கா தான் தைத்ததில் இரண்டு மூன்று ஜோடியை, யாரும் பார்க்காதபோது, என் டிரேயில் போட்டுவிடுவார்.

"இன்னா பாக்குற? வேலயப் பாரு."

இரண்டு மாதத்தில் அவர் எண்ணைத் தொட்டேன். மூன்றாவது மாதம் முந்திவிட்டேன். பலகையைப் பார்ப்பதற்காகவே தாகம் எடுக்காமல் தண்ணீர் குடிக்க எழுந்துபோவேன். ஒருநாள் அக்கா மிஷினிலிருந்து தலை நிமிராமலே சொன்னார்.

"மெதுவா தைம்மா. மஞ்சளும் நீலமும் ஒரே நம்பர் காட்டுதுன்னு ஆபீஸ்ல பாத்துட்டு இருக்காங்க."

பொறாமை என்று நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அன்று வேண்டுமென்றே இன்னும் வேகமாகத் தைத்தேன். மாலையில் சூப்பர்வைசர் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ஆபீஸ் பக்கம் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த மாதம் அக்காவின் மிஷினில் இன்னொரு மஞ்சள் ஏப்ரன் உட்கார்ந்திருந்தது. காலைக்கு ஒருத்தி, மதியத்துக்கு ஒருத்தி. நீல ஏப்ரன்காரர்கள் ஆறு பேரை ஆர்டர் கம்மி என்று நிறுத்திவிட்டார்களாம். ஆர்டர் கம்மி என்றால் புதிதாக ஆள் எடுப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

சில வாரம் கழித்து ஹைவே பஸ் நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தேன். பிரியாணிக் கடைக் கூட்டத்துக்குள் நழுவப் பார்த்தேன். அதற்குள் கூப்பிட்டுவிட்டார்.

"இன்னா, மெலிஞ்சிட்ட?"

"இல்லக்கா. நீங்க எங்க இப்போ?"

"வேற கம்பெனில கேட்டேன். பயிற்சிச் சம்பளத்துக்கு வர்றியான்றாங்க. எனக்கு!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அன்னிக்கு நீங்க சொன்னப்ப நான்..."

"அத வுடு. உனக்கு கூலி ஏத்திக் குடுத்தாங்களா?"

"இல்லக்கா. அதேதான்."

அவர் முகம் மாறியது. இத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்த கோபம் அப்போதுதான் வந்தது.

"இதுக்காடி அவ்ளோ வேகமா தைச்ச?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். மறுநாள் மிஷினில் உட்கார்ந்ததும் மெதுவாகத்தான் தைக்க வேண்டும் என்று நினைத்தேன். கால் கேட்கவில்லை. நாலு மணிக்குப் பலகையில் என் எண்தான் முதலில் இருந்தது.