விஷக் காட்சிக்கு முன்னால் ஒரு சிரிப்பு

1. கறுப்புத் தட்டு, வெள்ளைத் தட்டு

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் விஷுவல் இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இயல்பிலேயே பயந்தவன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஜாதி. இன்ஸ்பெக்‌ஷன்காரனுக்கு அது நல்ல குணம்தான், வீட்டில்தான் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட நான் வேலைக்காலத்தில் அதிகமாக நடுங்கியது எந்த மெஷினுக்கு முன்னாலும் இல்லை. எங்கள் கேன்டீனில் நடந்த ஒரு நாடகத்தில்.

எங்கள் செக்‌ஷன் வேலை எளிமையானது. பார்ட்டைத் துடைத்து, லைட்டுக்குக் கீழே பிடித்து, கீறலோ புள்ளியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை பார்ட் என்றால் கறுப்புத் தட்டு, கறுப்பு பார்ட் என்றால் வெள்ளைத் தட்டு. பின்னணி மாறினால்தான் குறை கண்ணில் படும். இதைத்தான் கான்ட்ராஸ்ட் என்பார்கள்.

ஃபேமிலி டேவுக்கு டூல் ரூம் அமலதாஸ் நாடகம் போடுவதாகச் சொன்னார். ஊரில் தவக்காலத்தில் ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகம் போட்டுப் பழகிய கை. இந்த முறை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிற அந்தப் பழைய காதல் கதையை எடுத்துக்கொண்டார். பகையான இரண்டு குடும்பம். பெண் மயக்க மருந்து குடித்துச் செத்ததுபோலக் கிடக்கிறாள். பையன் நிஜமாகவே செத்துவிட்டாள் என்று நம்பி விஷம் குடிக்கிறான். அவன் விழுந்த பிறகு அவள் கண் விழிக்கிறாள்.

“பாலு, லைட்டு நீதான் பாக்கணும்” என்று அவர் வந்து நின்றார். “கண்ணுக்குத் தெரியாத கீறலெல்லாம் புடிக்கிறவன் நீ. வேற எவன நான் போய் கேக்கறது?”

வல்லக்கோட்டைத் திருவிழாவுக்கு லைட் கட்டுகிறவரிடம் நான்கு விளக்கு வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்கள். நானும் மாட்டிக்கொண்டேன்.

2. அமலதாஸின் பிடிவாதம்

கதாநாயகன் இசக்கிமுத்து. தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அப்பா கிடையாது, அம்மாவுக்கு ஒரே பிள்ளை. கதாநாயகி ஜெசிந்தா, மணிமங்கலத்துப் பெண், என் செக்‌ஷனிலேயே பார்ட் துடைக்கிற ஆபரேட்டர். இரண்டு பேரும் மேடையில்தான் காதலர்கள். கீழே இறங்கினால் டீக்கு யார் காசு கொடுப்பது என்று சண்டை.

அமலதாஸ் அந்தக் கதையை எங்களுக்குப் புரியவைத்த விதத்தை மறக்க முடியாது. விஷக் காட்சிக்குச் சற்று முன்னால் கல்யாணச் சமையல்காரனும் தவில்காரனும் அடிக்கிற கூத்து ஒன்றை வைத்திருந்தார். சாவு வரப்போகும்போது என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

“நீ கறுப்பு பார்ட்ட கறுப்பு தட்டுல வெப்பியா? சாவுக்கு முன்னாடி ஒப்பாரி வெச்சா சாவு கண்ணுக்குத் தெரியாது. சிரிச்சிகினு இருக்கும்போதே வுழணும் அடி.”

எல்லாமே அப்படித்தான். பகைக் காட்சிக்கு முழு வெளிச்சம், காதல் காட்சிக்கு இருட்டு. மயக்க மருந்து கொடுத்துப் பொறுமையாகப் பேசும் பாதிரியார், அவசரப்படும் பையன். வெள்ளைத் துணியில் பெண், கறுப்புச் சட்டையில் அவன். விஷம் மட்டும் கறுப்பாக இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். “தண்ணி மாதிரி தெளிவா, அழகா இருக்கணும். அழகா கீறது கொல்லுதுன்னாதான் வயிறு கலங்கும்.”

அதனால் லேபிள் உரித்த சின்ன வாட்டர் பாட்டிலில் வெறும் தண்ணீர். அதை இசக்கி ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும், எது நடந்தாலும் நிறுத்தக் கூடாது. ஒத்திகையில் ஒருமுறை கரண்ட் போனபோதும் இருட்டிலேயே குடித்து விழுந்தான். அமலதாஸ் தட்டிக்கொடுத்தார்.

3. புள்ளி புள்ளியாக வந்த பார்ட்

ஃபேமிலி டே அன்று செகண்ட் ஷிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கேன்டீன் நிறைய ஜனம். நாற்காலி போதாமல் நடைபாதையிலும் குழந்தைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் கடைசிச் சுவரோரம் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில். மேடையில் சமையல்காரனும் தவில்காரனும் வந்தாயிற்று. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அப்போது எங்கள் லைனில் வேலையிலிருந்த முருகேசன் பின்வாசல் வழியாக வந்தான். கையில் லேபிள் இல்லாத ஒரு வாட்டர் பாட்டில்.

“சார், தொடைக்கிற பார்ட்டெல்லாம் புள்ளி புள்ளியா வருது. ஐ.பி.ஏ. மோசமான்னு மோந்து பாத்தேன். இது வெறும் தண்ணி சார்.”

ஐ.பி.ஏ. என்பது பார்ட் துடைக்கிற ஸ்பிரிட். பார்க்கத் தண்ணீரேதான், ஆனால் குடித்தால் உயிருக்கே ஆபத்து, நெருப்புப் பட்டால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதற்கென்று சிவப்பு மூடி போட்ட பம்ப் பாட்டில் உண்டு. பம்ப் உடைந்துபோனதால் காலை ஷிஃப்டில் யாரோ லேபிள் உரித்த வாட்டர் பாட்டிலில் ஊற்றி, மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிட் பட்டால் மார்க்கர் மை நிற்குமா? எழுதியதை அதுவே துடைத்துவிட்டது.

அந்தப் பாட்டில் இருந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் மத்தியானம் கடைசி ஒத்திகை நடந்தது. நாடகப் பாட்டிலும் அதே மேஜையில்தான் இருந்தது. தண்ணீர் இங்கே இருக்கிறது என்றால், மேடையில் இருப்பது என்ன?

இசக்கி அதை ஒரே மூச்சில் குடிப்பான். காட்சிக்காகச் சாம்பிராணிப் புகை வேறு போட்டிருந்தார்கள், வாடை தெரியவே தெரியாது. முருகேசனை மேடைக்கு ஓடச் சொன்னேன். நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. “உக்காருப்பா, மறைக்குது” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பக்கத்திலிருந்த ஓர் அம்மா, நான் தவிலுக்கு ஆடுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தாள். என்னைச் சுற்றி அவ்வளவு பேர் சிரித்தார்கள், நான் மட்டும் மேடையில் அந்தப் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அமலதாஸ் சொன்ன பாடம் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இப்படிப் புரியவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கூத்து முடிந்தது. சோக இசை போட்டுவிட்டார்கள். இசக்கி கறுப்புச் சட்டையில் வந்து, வெள்ளைத் துணியில் கிடந்த ஜெசிந்தாவின் பக்கத்தில் மண்டியிட்டான். பாட்டில் மூடியைத் திருகினான்.

லைட்டை அணைத்தால் இருட்டிலேயே குடித்துவிடுவான். எல்லா சுவிட்சையும் போட்டேன். கேன்டீன் முழுக்கப் பகல் மாதிரி ஆனது. அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

“லைன் ஸ்டாப்!”

எங்கள் தொழிற்சாலையில் இந்த வார்த்தை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாதது. யார் சொன்னாலும் கையை எடுத்துவிட வேண்டும். காதில் விழுந்தவன் ஏன் என்று கேட்காமல் அதையே திருப்பிக் கத்த வேண்டும், கடைசி ஆள்வரை போய்ச் சேர. சிரிப்பு ஓய்ந்திருந்த கூட்டத்தில் பின்வரிசை ஆட்கள் பழக்கத்தில் கத்தினார்கள். நடுவரிசை கத்தியது. எதற்கென்று தெரியாமல் பிள்ளைகளும் கத்தினார்கள்.

உதட்டுக்குப் போன பாட்டில் நின்றது.

ஆனால் மேடை ஓரத்தில் அமலதாஸ் ஏதோ கலாட்டா என்று நினைத்துவிட்டார். “குடிடா, நிறுத்தாத” என்று கையைக் காட்டினார். இசக்கி ஒரு நொடி அவரைப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பாட்டிலைத் தூக்கினான். என்னால் பார்க்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

செத்துக் கிடந்த ஜெசிந்தா எழுந்து உட்கார்ந்தாள். அவன் மணிக்கட்டை ஒரு கையால் பிடித்து, பாட்டில் வாயை மறு கையால் பொத்தினாள். விரலில் பட்ட ஜில்லிப்பு அவளுக்கு ஷிஃப்ட் ஷிஃப்டாகப் பழகியது.

“இது தண்ணி இல்ல, ஐ.பி.ஏ. சாம்பிராணி சட்டிய எடுங்க மொதல்ல.”

நெருப்புச் சட்டியை யாரோ தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. கதையை மாற்றிப் பெண்ணைச் சீக்கிரம் எழுப்பிவிட்டார்கள் என்று அவர்களுக்குச் சந்தோஷம். அமலதாஸ் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

அப்புறம் ஜெசிந்தாவிடம், உனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“லைன் ஸ்டாப்னு சொன்னா பொணமா இருந்தா கூட எந்திரிக்கணுமில்ல சார். அதோட, லேட்டா எந்திரிச்சா இன்னா ஆவும்னு தினம் ரிகர்சல்ல பாத்துகினுதானே இருந்தேன்.” சொல்லிவிட்டு அழுதாள்.

இசக்கியைத் தேடிப் போனேன். கேன்டீனுக்குப் பின்னால் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். மறு கையால் உதட்டைத் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். குரலில் ஒரே சிரிப்பு.

“நல்லா நடந்துச்சும்மா. சாவுற சீனுக்கு எல்லாரும் எந்திச்சு நின்னு கை தட்டுனாவ. ஆமாம்மா, சாப்ட்டேன்.”

நான் சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குடிக்கிற பாட்டிலில் வேறு எதையும் ஊற்றாதீர்கள். சந்தேகம் வந்தால், பைத்தியக்காரன் என்று பெயர் வந்தாலும் பரவாயில்லை, கத்துங்கள். சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தால் இன்னும் சத்தமாகக் கத்துங்கள்.