லீக்ஸ் பாத்தியில் தாட்ட துவக்கு

புஷ்பவதியை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். கனடாவில், மொன்றியலை ஒட்டிய லவாலில் பக்கத்து வீடு. கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றில் நாற்பது குழந்தைகளுக்குச் சமைக்கிறாள். சீருடை போட்டவரைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவாள். பஸ் சாரதியைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டாள். அவளுக்கு வாய்த்த மகேந்திரராசாவோ வீட்டிலே துவக்கு வைத்திருந்தவர்!

லைசென்சோடு, மான் வேட்டைக்கு வாங்கியதுதான். ஒருமுறை சுட்டால் அடுத்த குண்டு தானாக ஏறும். "உது ஏன் சாதாரண சனத்துக்கு?" என்று நான் வேலியோரம் நின்று கேட்பேன். அப்படியொரு துவக்கோடு மொன்றியல் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தவன் பதினான்கு பெண்களைக் கொன்றதைச் சொல்லிக் காட்டுவேன்.

"விசரன் செய்ததுக்கு வேட்டைக்காரனைத் தண்டிக்கிறதோ?" என்று அவர் பாய்வார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை.

2020 மே மாதம் அந்த மாதிரித் துவக்குகளுக்குத் தடை வந்தது. அவருடைய துவக்கும் பட்டியலில் இருந்தது. ஒப்படைக்க இரண்டு வருட அவகாசம் உண்டு என்று வானொலி சொன்ன மீதியைப் புஷ்பவதி கேட்கவே இல்லை. தடை என்றால் அடுத்தது சுற்றிவளைப்பு. வீட்டு ஆம்பிளையைக் கொண்டுபோவார்கள். யாழ்ப்பாணத்தில் அவள் படித்த பாடம் அதுதான். புருசன் வேலையால் வருமுன் இரும்பு அலமாரியைத் திறந்து, துவக்கைப் பெட்டியோடு தூக்கி, வளவில் இருந்த லீக்ஸ் பாத்திக்குள் குழி கிண்டித் தாட்டுவிட்டாள்.

அவர் வந்து தலையில் கை வைத்தார். "என்ன வேலை பாத்தனீரப்பா! உப்பிடித் தாட்டு வைக்கிறதுதான் இஞ்சை குற்றம்!"

நானும் மண்வெட்டியோடு ஓடினேன். பெட்டி வெளியே வந்தது. "கழுவி உள்ளுக்கு வைப்பம், ஒருத்தருக்கும் மூச்சு விடப்படாது," என்றார் அவர். "ஓம், அதுதான் சரி," என்றேன் நானும். இத்தனை நாள் சட்டம் கதைத்த வாய்!

புஷ்பவதி சேற்றுப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். "ஊரிலை அண்டைக்கும் ஒரு சாமானைத் தாட்டனாங்கள். ஆமிக்காரர் கிண்டி எடுத்தாங்கள். பெரியண்ணையைக் கொண்டுபோனவங்கள்தான், ஆள் இன்னும் வரேல்லை. இதை ஒளிச்சுக்கொண்டு என்னாலை இருக்கேலாது. நான் சொல்லப்போறன்."

நாங்கள் தடுக்கத் தடுக்க, பொலிசுக்கு அவளே போன் அடித்தாள். பிறகு வீட்டிலிருந்த கடவுச்சீட்டு, குடியுரிமைப் பத்திரம், லைசென்ஸ் எல்லாவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் போய் நின்றாள். இந்தத் துணிச்சலில் கால்வாசி எனக்கு இல்லை.

கொரோனா முகக்கவசத்தோடு இரண்டு பொலிசார் வந்தார்கள். ஒருத்தி இளம் பெண். "தாட்டது நான். அவருக்குத் தெரியாது. அவரைக் கொண்டுபோக வேண்டாம்," என்று தெரிந்த பிரெஞ்சில் புஷ்பவதி சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனால் கண் அந்தப் பெண்ணின் முகத்திலேயே நின்றது. அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பத்திரங்களைப் பார்த்தாள். இனி இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டித்தாள். துவக்கை இப்போதே ஒப்படைக்கிறீர்களா, பூட்டி வைத்து யோசிக்கிறீர்களா என்று மகேந்திரராசாவைக் கேட்டாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். என்னோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டிய மனிதர், ஒரு வார்த்தை வாதாடவில்லை. "கொண்டுபோங்கோ," என்றார்.

ஒரு ரசீதுத் துண்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் துவக்கோடு கார் ஏறினார்கள். கார் திரும்பி மறைந்தபின்னும் புஷ்பவதி புருசனின் சட்டைக் கையை விடவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள், நம்பமுடியாமல். "துவக்கை மட்டுந்தானே கொண்டுபோறாங்கள்! ஆளை விட்டிட்டுப் போறாங்கள்!"