தலையணையில் வெள்ளைத் தூள்

பக்கத்துத் தெருவில் கிரானைட் கட்டர் அலறினால் என் கை தானாக வாயைப் பொத்திக்கொள்கிறது. என்ன சத்தம் என்று மனம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

பெங்களூரு அடுக்குமாடிகளில் சமையல் மேடைக்குக் கல் அறுத்தவன் நான். தங்கவயலிலிருந்து முதல் ரயிலில் போய்க் கடைசி ரயிலில் வருவேன். தண்ணீர் விட்டு அறுத்தால் தூள் பறக்காது. ஆனால் போட்ட தரை கறைபடும் என்று தண்ணீர் விடாமலே அறுக்கச் சொல்வார் மேஸ்திரி. முகத்தில் ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான்.

இருமல் வந்தபோது நான் பயப்படவில்லை. நெஞ்சுநோய் அப்பா காலத்துத் தங்கச் சுரங்க ஷாஃப்டோடு சேர்த்து மூடப்பட்டுவிட்டது என்றுதான் எங்கள் ஊரில் நாங்கள் நினைத்திருந்தோம்.

ஆஸ்பத்திரிக்கு மேஸ்திரியே ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனார். லீவு கேட்டால் போனையே எடுக்காத மனிதர். கையில் ஆப்பிள் வேறு. அங்கேயே எனக்கு உறுத்தியது.

சளியில் டி.பி. கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மணல் தூவினாற்போலப் புள்ளிகள். "என்ன வேலை பண்றீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார். பதில் மேஸ்திரியிடமிருந்து வந்தது.

"தங்கவயல் பாலகாட் ஆளு சார். அப்பா மைன்ஸ்ல இருந்தவரு. வூடு சயனைடு டம்ப்பாண்ட. காத்தடிச்சா சோத்துலயே தூளு வுழும்."

டம்ப் என்பது சயனைடு போட்டுத் தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த மண்மேடு. அதன் பக்கத்தில்தான் பிறந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; அதுதான் பயமாக இருந்தது.

கூட வந்திருந்த என் மனைவி மல்லிகா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் அதே வூட்லதான் கீறோம் சார். இவரு தலகாணி மட்டும் இன்னாத்துக்கு வெள்ளையாவுது?"

டாக்டர் மேஸ்திரியை வெளியே இருக்கச் சொன்னார். எந்தக் கல், எப்படி அறுப்பது, கதவு ஜன்னல் திறந்திருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு சிலிகோசிஸ் (கல்தூள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும் நோய்) என்றார். "தழும்பு போகாது. இனி அந்தத் தூளுக்குள்ள போகவே கூடாது."

இதே இருமலோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: உங்கள் வேலையை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் அன்பாக நிற்பவரைச் சொல்ல விடாதீர்கள்.

எங்கள் ஆண்டர்சன்பேட்டை மேட்டில் ஏறினால் இப்போது ஒவ்வொரு கரண்டு கம்பமும் எனக்கு ஓர் ஊர். தங்கி, ஆறி, புறப்பட வேண்டியிருக்கிறது. இழுத்த மூச்சு முழுதாக உள்ளே போனதா என்று என் நெஞ்சையே வேவு பார்க்கிறேன்.

போன வாரம் மேஸ்திரி வீட்டுக்கு வந்தார். யாரிடமும் வாய் திறக்காதே என்று சொல்லத்தான் வந்திருப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பேச்சின் நடுவே இருமினார். நிறுத்தி, மறுபடி இருமினார். அவரும் கட்டர் பிடித்து மேஸ்திரி ஆனவர்தான். அந்த இருமல் எனக்குத் தெரியும்.

வாசல்வரை கூடப் போனேன். "நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க மேஸ்திரி."

செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தார்.

"எனக்கு இன்னாத்துக்குப்பா? எங்க வூடு டம்ப்பாண்ட இல்லியே."