பென்சில் நம்பர்கள்

என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, இங்கேதான் சொல்கிறேன்.

என் அண்ணா இங்கே இத்தாலியில், பலெர்மோ நகரப் பழஞ்சாமான் சந்தையில் அயர்லாந்துப் போஸ்ட்கார்டுகள் வாங்கிச் சேர்ப்பார். கடற்கரை, மலை, பழைய பாலம் என்று எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள். வேலையால் வந்ததும், ஒவ்வொன்றையும் எந்த இடத்தில் நின்று எடுத்தார்கள் என்று போன் மேப்பில் தேடுவார். மூன்று வருடம் தேடினார். பிறகு புற்றுநோய் வந்து செத்துப்போனார்.

முப்பத்தோராம் நாள் காரியத்தன்று, பலெர்மோவின் சீசா பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் அவருடைய படத்துக்குப் பக்கத்தில் கார்டுகளை வைக்க நினைத்தேன். பின்பக்கமெல்லாம் பென்சிலில் புள்ளி வைத்த நம்பர்கள் இருந்தன. சந்தைக்காரர் விலை எழுதுவதும் அப்படித்தான். செத்தவருக்கு முன்னால் விலை எதற்கு என்று எல்லாவற்றையும் ரப்பரால் அழித்தேன்.

அண்ணாவின் கூட்டாளி ரூபன் அண்ணா வந்து ஒரு கார்டைத் திருப்பினார்.

"எங்கடை ஊர்ச் சந்து ஒழுங்கையே தெரியாதவன், அயர்லாந்து ரோட்டெல்லாம் பாடம். தங்கச்சி, இதிலை இருந்த நம்பர் எங்கை? மேப்பிலை அடிச்சா அந்த இடத்துக்கே போகுமே. அவன் கண்டுபிடிச்சு எழுதினதெல்லோ."



"அண்ணாதான் அழிச்சவர் போல," என்றேன்.

"கடைசியிலை எல்லாம் வீண் எண்டு மனம் விட்டிட்டானோ," என்று சொல்லி அவர் அழுதார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அண்ணா ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் தேடிக்கொண்டுதான் இருந்தார். நம்பரை அழித்ததற்கு நான் படிக்காதவள் என்று சொல்லலாம். அந்தப் பொய்க்கு அப்படிச் சொல்ல முடியாது. அண்ணா மனம் விட்டுத்தான் போனார் என்று ரூபன் அண்ணா இன்றைக்கும் நம்புகிறார்.